‘அவருக்குப் புரியுங்களா?’

‘தெய்வத்திருமகள்’ படத்தை நான் முழுதாக மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2011 ஜூலையில். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், காந்திபுரம் பக்கம் ஒரு தியேட்டர், கூட காலேஜ் பையன்கள் ஏழு பேர். எல்லோரும் அழுதோம். படம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் முறை ஒரு பொங்கல் லீவில், வீட்டில், டிவியில். என் தம்பி பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டான். பின்னாலேயே போய் ‘ஏன்டா வந்துட்டே?’ என்றேன். ‘அந்த ஆள் ஏன் அப்படிப் பேசறார்?’ என்றான். விக்ரமைத்தான் சொன்னான். மூன்றாம் முறை போன மாதம், ராத்திரி ஒரு மணிக்கு, லேப்டாப்பில், தனியாக. அன்றைக்குப் பகலில் நானும் தம்பியும் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸுக்குப் போய் வந்திருந்தோம்.

என் தம்பிக்கு ஆட்டிசம். வயது 29. அப்பாவின் நண்பர் நடத்தும் பிரின்டிங் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்கிறான். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கண்டுபிடிப்பது அவன்தான். நன்றாகப் பேசுவான், ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவனுக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அரசுப் படிவங்களில் இதற்கு ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று பெயர். மருதமலை போகும் 70-ஆம் நம்பர் பஸ் எந்த ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்பவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எழுதியவரை ஒரு நாள் அந்த பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இப்போது ‘நியூரோடைவர்ஜென்ட்’ என்கிறோம். மூளை வேலை செய்யும் விதம் பெரும்பான்மையிலிருந்து விலகியிருப்பவர்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்ஸியா எல்லாம் அதற்குள் வரும். கஸியான் அஸஸுமாஸு என்கிற ஆட்டிஸ்டிக் செயற்பாட்டாளர் உண்டாக்கிய சொல் அது. தமிழில் இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

வக்கீலிடம் போன காரணம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அப்பா இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். உயில் எழுதவில்லை. கிணத்துக்கடவு பக்கம் அவர் சம்பாதித்து வாங்கிய ஒண்ணேமுக்கால் ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அம்மா, நான், தம்பி மூவருக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. அம்மாவும் தம்பியும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது சொந்தக்காரர்களின் யோசனை. ‘எப்படியும் நீதான மாப்ள அவனப் பாத்துக்கப் போறே, அப்பறம் அவம்பேர்ல எதுக்கு?’ என்றார் பெரிய மாமா. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தாள் செலவும் குறைவு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்றேன். எவ்வளவு சீக்கிரமாகச் சரி என்றேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்.எஸ்.புரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தினசபாபதிபுரம். கோயம்புத்தூரில் கட்டம் போட்டு வீதி பிரித்த ஊர்ப்பகுதி. டி.பி. ரோட்டிலிருந்து எந்தக் குறுக்கு வீதியில் திரும்பினாலும் வரிசையாக போர்டுகள்: பல், கண், காது மூக்கு தொண்டை, ஆடிட்டர், ஸ்கேன், வக்கீல், குழந்தைகள் நல மருத்துவர். பொள்ளாச்சியிலிருந்தும் அன்னூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, வேலை முடிந்ததும் அன்னபூர்ணாவில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவது கொங்கு நாட்டில் ஒரு தலைமுறையின் பழக்கம். நம் மக்கள் தங்கள் உடம்பையும் பணத்தையும் பத்திரத்தையும் படித்தவர்கள் கையில் ஒப்படைக்கிற இடம் இது. அந்த ஒப்படைப்பு நடக்கும் முதல் அறை வெயிட்டிங் ஹால்.

அந்த வெயிட்டிங் ஹாலில் ஒரு நியூஸ் சேனல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமாக. டியூப்லைட் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை, தம்பி சொன்ன பிறகுதான் பார்த்தேன். வரவேற்பில் இருந்த பெண் ‘சார் இப்ப வந்துருவாருங்க’ என்றார். தம்பி செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டான். நம் ஊர் ‘இப்ப’வுக்கு எத்தனை நிமிஷம் என்று எந்த அகராதியிலும் இல்லை. எனக்கு அது ஒரு மரியாதைச் சொல், அவனுக்கு அது ஒரு தகவல். தகவல் பொய்யாகிக்கொண்டே போக, 47-ஆவது நிமிஷத்தில் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் அசைய ஆரம்பித்தான். எதிரில் இருந்த அம்மா தன் பேத்தியைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார்.

உள்ளே போனதும் வக்கீல் என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், அப்பாவைத் தெரிந்தவர். விஷயத்தை எனக்கு விளக்கினார். பத்து நிமிஷம் கழித்து, தம்பி பக்கம் தலையை மட்டும் லேசாகச் சாய்த்து, என்னிடம் கேட்டார்: ‘அவருக்குப் புரியுங்களா?’

நான், ‘நான் சொல்லிக்கறேன் சார்’ என்றேன்.

இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேசப்போகிறேன். அன்றைக்கு எனக்கு வக்கீல் மேல்தான் எரிச்சல். அவர் தம்பியிடம் நேராக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, ‘அவர் உன்கிட்டதான பேசினார், நான் எதுக்கு வந்தேன்?’ என்றான் தம்பி. கோபமில்லாமல்தான் கேட்டான். பதில் சொல்ல வரவில்லை. அந்த ராத்திரிதான் தூக்கம் வராமல் படத்தைப் போட்டேன். நம் சினிமாவில் மனவளர்ச்சி குன்றிய ஒருவன் வக்கீலின் கட்சிக்காரனாக வரும் படம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

விஜய் இயக்கிய படம். 2001-இல் ஷான் பென் நடித்து வந்த ‘ஐ ஆம் சாம்’ படத்தோடு அதற்கிருக்கும் ஒற்றுமையை அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதில் எனக்கு ஆர்வமில்லை. கிருஷ்ணா ஊட்டிப் பக்கம் ஒரு சாக்லேட் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். மனைவி பிரசவத்தில் இறந்துவிட, மகள் நிலாவைத் தனியாக வளர்க்கிறான். பணக்கார மாமனார் குழந்தையை எடுத்துக்கொண்டு போகிறார். அனுஷ்கா நடித்த அனுராதா என்கிற இளம் வக்கீல் அவனுக்காக வாதாடுகிறார், எதிர்த்தரப்பில் நாசர். கோர்ட்டில் தூரத்தூர நின்றபடி அப்பாவும் மகளும் பேச்சே இல்லாமல் சைகையில் பேசிக்கொள்கிற காட்சிதான் எல்லோர் நினைவிலும் இருப்பது. நல்ல காட்சி. மூன்றாம் முறையும் தொண்டை அடைத்தது.

ஆனால் மூன்றாம் முறை நான் கவனித்துக்கொண்டிருந்தது வேறு. அந்தக் கோர்ட்டில் சட்டம் பேசுகிறது, பிறகு அன்பு பேசுகிறது. கட்சிக்காரன் எங்கே பேசுகிறான்? கிருஷ்ணாவின் வெள்ளை மனசைக் காட்டப் படத்துக்கு எவ்வளவு நேரமிருக்கிறது! ஆனால் இந்த வழக்கு என்ன, தோற்றால் என்ன ஆகும், அவன் என்ன விரும்புகிறான் என்று வக்கீலும் அவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசும் காட்சிக்கு இந்தக் கதையில் இடமே தேவைப்படவில்லை. அவன் தகுதி அவனுடைய பாசத்தால் நிரூபணமாகிறது. பாசம் கொஞ்சம் குறைவான, முகத்தைப் பார்த்துச் சிரிக்காத, தொட்டால் விலகிக்கொள்கிற ஒரு அப்பா அந்தக் கூண்டில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் தம்பியைக் கட்டிப்பிடித்தால் அவன் கட்டையாக நிற்பான்.

அப்புறம் அந்த முடிவு. வழக்கில் கிருஷ்ணா ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு, நல்ல படிப்பும் வசதியும் கிடைக்கட்டும் என்று மகளை அவனே மாமனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். 2011-இல் தியேட்டரே தேம்பியது அந்த இடத்தில்தான். உரிமை அவனுடையது என்று கோர்ட் சொல்லிவிட்டது, ஆகவே நமக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. அவனே மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டான், ஆகவே யாருடைய வாழ்க்கையும் மாற வேண்டியதில்லை. ராத்திரி இரண்டரை மணிக்கு லேப்டாப்பைப் பாதி மூடியபோது எனக்குத் தோன்றியது, இது விடுதலைப் பத்திரம். பாத்தியதை இருப்பவன், அதைப் புரிந்துகொண்டானா என்று யாருக்கும் நிச்சயமில்லாத நிலையில், வசதியுள்ள சொந்தக்காரர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவது. நாம் அதைத் தியாகம் என்று அழைத்துக் கைதட்டினோம். என் குடும்பத்தில் இரண்டு வருடமாக எல்லோரும் காத்திருந்தது அதே கிளைமாக்ஸுக்குத்தான்.

இந்தப் படத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ‘அஞ்சலி’ (1990), ‘ஹரிதாஸ்’ (2013), ‘பேரன்பு’ (2019) எல்லாவற்றிலும் நாம் கதைக்குள் நுழைவது அம்மா அப்பாவின் வாசல் வழியாக. ஹரிதாஸில் ஆட்டிசம் உள்ள பையன் ஓடுகிறான், ஓட்டத்தில் தன்னை நிரூபிக்கிறான். எழுத்திலும், யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ எங்கள் வீட்டில் அம்மாவின் தலைமாட்டில் இருந்த புத்தகம். எத்தனையோ வீடுகளில் அப்படி இருந்திருக்கும், அந்தக் கடன் பெரியது. ஆனால் அது பெற்றோரின் கையைப் பிடித்துக்கொள்ளும் புத்தகம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து 29 வயதாகி, மீசை வைத்துக்கொண்டு, ஒரு ஆடிட்டரையோ பல் டாக்டரையோ பார்க்கப் போகிறார்கள் என்பது தமிழ்க் கற்பனைக்குள் இன்னும் வரவில்லை. கற்பனையில் இல்லாத ஆள் வெயிட்டிங் ஹாலுக்கு வந்தால் ஹாலுக்கு என்ன செய்வதென்று தெரியாது. கூட வந்தவரைப் பார்த்துப் பேசும்.

நான் சாஃப்ட்வேர்காரன், அதனால் எனக்கு இந்த இடத்தில் வாய் அடைத்துவிடுகிறது. நானும் இதையேதான் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் செல்போன் வழியாக வாடிக்கையாளரை அடையாளம் காணும் ஒரு ஸ்கிரீனை எழுதிய டீமில் இருந்தேன். முகத்தை வட்டத்துக்குள் வை, கண்ணைச் சிமிட்டு, 30 வினாடிக்குள். முடியாவிட்டால் முதலிலிருந்து. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட டிஜிட்டல் சேவைகளை அணுக முடிவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள். கண்ணைச் சிமிட்ட முடியாதவரைச் சிமிட்டச் சொன்ன ஸ்கிரீன். தீர்ப்பைப் படித்தபோது அந்த 30 வினாடி என்கிற எண்ணை யார் முடிவு செய்தது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் முடிவு செய்யவில்லை. ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது, நான் போட்டேன்.

இணையதளங்களுக்கான அணுகல் விதிகளில் 2008-லிருந்தே ‘போதுமான நேரம் கொடு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மனிதர்களுக்கும் டைம்-அவுட் உண்டு என்பதுதான் நாம் கவனிக்காதது. வக்கீல் தம்பியை ஒரே ஒரு முறை நேராகப் பார்த்து, ‘என்னங்க தம்பி, சரிதானுங்களே?’ என்றார். மூன்று வினாடி, நான்கு வினாடி. தம்பி வாயைத் திறக்கும்போது அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தார். ஸெஷன் எக்ஸ்பயர்ட்.

டேமியன் மில்டன் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அவர்கள் மனம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் அதை நோய் என்று பெயர் வைக்கிறோம் என்பது அவர் கேள்வி. வக்கீலின் ‘புரியுங்களா’வைத் திருப்பிப் போட்டால் இதுதான் கிடைக்கும். அந்த அறையில் புரியாதவர்கள் மூன்று பேர்.

அமெரிக்காவில் ஆஸ்பையர் என்ற குழு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களையே சக ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, டாக்டரிடம் போவதற்கு ஒரு படிவம் தயாரித்தது. எனக்கு எந்த விளக்கு ஆகாது, எழுதிக் கேட்டால் பதில் சொல்வேனா, தொடும்முன் சொல்ல வேண்டுமா என்று நோயாளியே நிரப்பினால், டாக்டருக்குக் கொடுக்க ஒரு அறிக்கை வந்துவிடும். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-இல் சூரியகாந்திப் பூப் போட்ட கழுத்துப் பட்டை தொடங்கியது. அதை மாட்டியிருப்பவருக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறைபாடு இருக்கிறது, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று ஊழியர்களுக்குப் புரியும். 2018-இல் மாரிசன்ஸ் என்கிற பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி விளக்கைக் குறைத்தது. எல்லாம் நல்லதுதான். நம்மூரில் இதைச் செய்யக் காசும் ஆகாது. டிவியை அணைக்கலாம். ‘இப்ப வந்துருவாரு’ என்பதற்குப் பதில் ‘இன்னும் ஒரு மணி நேரமாகும், கீழே நடந்துட்டு வாங்க, கூப்பிடறேன்’ எனலாம். ஆபீஸ் எப்படியிருக்கும் என்று முந்தின நாளே இரண்டு போட்டோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம். கூட்டம் வருமுன் காலை முதல் ஆளாக வரச்சொல்லலாம்.

ஆனால் இதையெல்லாம் செய்த ஆபீஸில், மெத்தென்ற விளக்கில், சத்தமே இல்லாத அறையில் உட்கார வைத்து, என் தம்பியின் பங்கை என் பேருக்கு மாற்றிவிட முடியும். இன்னும் சுலபமாகவே முடியும். எனக்குப் படுகிற குறை இதுதான். நியூரோடைவர்ஜென்ட் மனிதர்களை வரவேற்பது என்று பேசத் தொடங்கினால் எல்லோரும் விளக்கையும் சத்தத்தையும் பேசுகிறோம். வந்த காரியம் யாருடையது, முடிவு யாருடையது என்பதைப் பேசுவதில்லை.

சட்டம் பேசியிருக்கிறது. அது எனக்கு அந்த ராத்திரிதான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடுகளும் உண்டு. 13-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்திருக்கவும், வாரிசாக அடையவும், பணத்தைக் கையாளவும் உரிமை உண்டு என்கிறது. அதோடு நிற்கவில்லை. ஆதரவாக இருப்பவருக்கும் அவருக்கும் ஒரு சொத்து விஷயத்தில் நலன் மோதினால், அந்த விஷயத்தில் ஆதரவு தருவதிலிருந்து ஆதரவாளர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது.

நான் அதை நான்கைந்து முறை படித்தேன். ‘நான் சொல்லிக்கறேன் சார்’ என்று சொன்ன ஆள் யார்? பத்திரத்தில் சொத்து யார் பேருக்குப் போகிறதோ அந்த ஆள். 29 வருடமாகத் தம்பிக்கும் உலகத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளனுக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி. சரவணம்பட்டியில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தேன் என்பதையும், தோப்பு முழுக்க என் பேரில் இருந்தால் லோனுக்குச் சௌகரியம் என்று நினைத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. வக்கீலுக்கு அது தெரியாது. என்னிடம் அவர் கேட்டிருக்கலாம், ‘நீங்க கொஞ்சம் வெளியே இருங்க’ என்று சொல்லியிருக்கலாம். எந்தக் கட்சிக்காரர் விஷயத்திலும் அவர் செய்யும் சாதாரண எச்சரிக்கை அது. தம்பியைக் கட்சிக்காரராக நினைக்காததால் தோன்றவில்லை.

1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் 12-ஆவது பிரிவில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் செய்யும்போது அதைப் புரிந்துகொள்ளவும், தன் நலனை அது எப்படிப் பாதிக்கும் என்று சீர்தூக்கவும் முடிய வேண்டும். நியாயமான அளவுகோல்தான். ஆனால் நம் பத்திரங்களின் மொழியைப் பாருங்கள். ‘மேற்படி சொத்தில் எனக்குள்ள சகலவித பாத்தியதைகளையும்’ என்று தொடங்கி முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒன்றரைப் பக்கம் ஓடும். பி.இ. முடித்து பன்னிரண்டு வருடம் கோடு எழுதும் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவுமில்லை. நான் தலையாட்டினேன், தலையாட்டுவது போதுமானதாக இருந்தது. தம்பிக்குத் தலையாட்டத் தெரியாது. புரியாததற்குத் தலையாட்டுவது ஒரு திறமை என்று நாம் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம்.

நான் விலகிக்கொள்வதாகத் தம்பியிடம் சொன்னேன். யார் கூட வரணும் என்று கேட்டதற்கு, பிரஸ் ஓனர் என்றான். அவர்தான் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். சுக்கிரவார்பேட்டைப் பக்கம், டி.பி. ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நாற்பது வருடமாகப் பத்திரம் எழுதுபவர். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். நான் திண்ணையில் உட்கார்ந்தேன், ஜன்னல் திறந்திருந்தது.

பெரியவருக்கு ஆட்டிசம் என்றால் என்னவென்று தெரியாது. பிரஸ் ஓனர் ஏதோ சொல்லத் தொடங்க, ‘அதிருக்கட்டுங்க, தம்பி சொல்லட்டும்’ என்றார். பிறகு அவர் செய்தது நான் எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாகப் படிக்காதது. பத்திரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரி படிப்பார், அதைப் பேச்சில் சொல்வார், ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தம்பி முன்னால் தள்ளுவார், சும்மா இருப்பார். நாற்பது வருடத்தில் அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தைப் படித்துக்காட்டி, புரிந்துகொண்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போட்டு வந்த பழக்கம். இப்போது எல்லோரும் படித்தவர்கள், அதனால் யாருக்கும் படித்துக்காட்டுவதில்லை.

‘விடுதலைன்னா, உங்க பங்க நீங்க விட்டுத் தர்றீங்கன்னு அர்த்தமுங்க தம்பி. அண்ணம்பேருக்குப் போயிரும். பின்னால கேட்டா வராதுங்க.’

கடிகாரம் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம். ஜன்னல் வழியாக நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

‘அப்பறம் நான் தோப்புக்குப் போலாமா?’

‘போலாமுங்க. அண்ணன் வேண்டாம்னா போக முடியாதுங்க.’

மறுபடியும் கடிகாரம்.

‘அப்ப வேண்டாம்.’

இந்த இடத்தில் படமாக இருந்தால் நான் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு முதலில் வந்தது லோன் கணக்கு. இரண்டாவதாகத்தான் வெட்கம் வந்தது. அதற்கப்புறம் ஒரு சந்தேகம். இதை எழுதும்போது தம்பியின் கேள்வியை நான் எவ்வளவு அழகாக்குகிறேன்? அவன் புத்திசாலித்தனமாக ஒன்று கேட்டதால்தான் அவனுக்குப் பங்கு என்பது போல ஆகிவிடுகிறது இல்லையா? கட்டுரையின் தொடக்கத்தில் 70-ஆம் நம்பர் பஸ்ஸைக் கொண்டுவந்தேனே, அதுவும் அதே வேலைதான். வாசகருக்கு அவனைப் பிடிக்க வேண்டும், பிடித்தால்தான் அவன் உரிமை நியாயமாகத் தோன்றும் என்று நானும் நினைத்திருக்கிறேன். விக்ரம் மழலையில் பேசியது அதற்காகத்தான். தம்பி அன்றைக்கு எதுவுமே கேட்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது. அவனுக்குப் பேச்சே இல்லாமல், இன்னும் நிறைய ஆதரவு தேவைப்பட்டிருந்தாலும், அதற்கும் சட்டத்தில் வழியிருக்கிறது. 1999-ஆம் வருடத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மாவட்ட அளவிலான குழு மூலம் காப்பாளர் நியமனம், 2016 சட்டத்தின் 14-ஆவது பிரிவில் அவரையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மை. இரண்டிலும் அண்ணன் தனியாக முடிவெடுத்துவிட முடியாது.

இப்போது பாகப்பிரிவினைப் பத்திரம் தயாராகிறது, மூன்று பாகம். பெரிய மாமா என்னோடு பேசுவதில்லை. ‘பையனக் கெளப்பி உட்டுட்டியாமா’ என்று அம்மாவிடம் கேட்டாராம். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயங்காலம், தன் பங்கைப் பற்றியும் யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று சொன்னார். அதைப் பற்றி எனக்கு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும், தைரியம் வந்தால்.

பெரியவர் வரைவை நேற்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார், தம்பியின் நம்பருக்கு. ஒவ்வொரு வரியாகத் தனித்தனி மெசேஜ், நடுவில் ஒரு வாய்ஸ் நோட். தம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். ‘என்னடா சொல்றார்?’ என்றேன் பழக்கதோஷத்தில். கையைக் காட்டி இருக்கச் சொன்னான். கேட்டு முடித்து, ஏதோ டைப் பண்ணி அனுப்பிவிட்டு, போனைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.